சீலிங்குக்குக் கீழிருந்து வந்த 'ஓஃப்'

என் எழுத்தைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த 'ர' எங்கே வரும், எந்த 'ன' எங்கே வரும் என்று இன்றுவரை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பிழை இருந்தால் மன்னித்து, நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயம் மட்டும் பிழை இல்லாதது.

நடந்தது போன வருடம் ஐப்பசி மழைக் காலத்தில், பிலிமத்தலாவையில். கண்டி ரோட்டை விட்டு மேலே ஏறும் ஒரு ஒழுங்கையின் கடைசியில் இருக்கும் பழைய ஓட்டு வீடு அது. அதற்கு மேலே வீடு கிடையாது. காடும் மூங்கிலும் பனியும்தான்.

நான் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். இளவயதில் கண்டிக்கு வந்து, ஒரு வயரிங் மாஸ்டருக்குப் பின்னால் ஏணி தூக்கித் தூக்கித்தான் தொழிலைப் பழகினேன். வீட்டு வயரிங் என்றால் எனக்குக் கை தானாக ஓடும். ஆனால் கையில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. சான்றிதழ் இல்லை, பதிவு இல்லை, லைசன்ஸ் இல்லை. முன்பு அதை யாரும் கேட்டதும் இல்லை. இப்போது கேட்கிறார்கள். புதுவீடு கட்டுகிறவர்கள் போனிலேயே, "லைசன்ஸ் இருக்கா?" என்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவார்கள். இப்படி நல்ல வேலைகள் கைவிட்டுப் போகத் தொடங்கின. லைசன்ஸ் இல்லாவிட்டால் இனி ஃபேன் மாட்டுகிற வேலைகூடக் கிடைக்காது என்ற பயம் வந்துவிட்டது.

படிக்காமல் கைப்பழக்கத்தால் தொழில் கற்றவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது என்று கூட வேலை செய்கிற ஒருவர் சொன்னார். கொஞ்ச நாள் வகுப்புக்குப் போக வேண்டும். பிறகு ஒரு பரீட்சகர் நாம் வேலை செய்கிற இடத்துக்கே வந்து, பக்கத்தில் நின்று பார்ப்பார், கேள்விகள் கேட்பார். அவருக்குத் திருப்தி என்றால் சான்றிதழ் வரும். அதை வைத்து லைசன்ஸுக்குப் பதியலாம்.

வேலை செய்து காட்டுவதில் எனக்குப் பயம் இல்லை. கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் பயம். நான் பிறவியிலேயே கூச்சக்காரன். யாராவது நேராகப் பார்த்துக் கேட்டால் சொல் வராது. யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் கையும் நடுங்கும். என் மனைவி அன்று காலையில் சாப்பாட்டுப் பார்சலைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த சேர் கேள்வி கேட்டா பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டிக்கிட்டு நிக்காதீங்க. தலைக்கெல்லாம் மார்க் போட மாட்டாங்க. வாயில இருந்து சத்தம் வரணும்."

நான் தலையை ஆட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

பரீட்சகரிடம் நான் காட்டுவதாகச் சொன்ன வேலை அந்தப் பிலிமத்தலாவை வீட்டில்தான். அங்கே ட்ரிப் சுவிட்ச் இல்லை. ட்ரிப் சுவிட்ச் என்றால், கரண்ட் மனிதன் மேல் பாய்ந்தால் கண் இமைக்கும் நேரத்தில் தானாக விழுந்து உயிரைக் காப்பாற்றுகிற சாமான். அதைப் புதிதாகப் போட வேண்டும், சீலிங்குக்கு மேலே உக்கிப்போன பழைய வயர்களையும் மாற்ற வேண்டும். வீட்டுக்காரி ஒரு சிங்கள அம்மா. ரிட்டையரான டீச்சர். நான் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவேன். கொழும்பிலிருந்து அண்மையில்தான் அந்தப் பழைய குடும்ப வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தார். பரீட்சகர் வந்து பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பரீட்சை என்றால் நல்ல விஷயம்தானே, வரட்டும்" என்று உடனே சம்மதித்தார்.

என்னை ஏற்றிப்போன த்ரீவீல்காரர் எனக்குப் பழக்கமானவர். சாமான்களை இறக்கும்போது அவர் வீட்டைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அண்ணே, போன கிழமை இந்த மிஸ்ஸுக்கு அரிசி மூட்டை கொண்டாந்து போட்டேன். உள்ளுக்க வேற யாரும் இல்ல. ஆனா மிஸ் அது பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கு. கேள்வி கேக்குது, பதில் வர முந்தி அடுத்த கேள்வி கேக்குது. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு."

நான் வயர்ச் சுருளை இறக்கித் தோளில் மாட்டினேன்.

"நீங்க வாயே தொறக்க மாட்டீங்க, அது வாய மூடாது. ரெண்டு பேருக்கும் நல்லாப் பொருந்தும்" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் உள்ளே போனபோது பகலே இருட்டாக இருந்தது. பனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. நடைப் பக்கத்தில் ஒரு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அந்த நடைச் சுவரில்தான் மெயின் சுவிட்ச். பழைய காலத்து இரும்புப் பெட்டி, பக்கத்தில் கைப்பிடி. கைப்பிடி மேலே இருந்தால் ஓன், கீழே இழுத்தால் ஓஃப். அதற்கு நேர் எதிரே ஒரு அறைவாசல், அதில் ஒரு மெல்லிய திரைச்சீலை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரே இருட்டு. அங்கிருந்து எண்ணெய்த் தைல வாசம் வந்தது. பழைய வீடுகளில் இப்படி வாசம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மிஸ்ஸும் அந்த அறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் அந்த நடையில் நிற்கும்போதெல்லாம் எனக்குப் பின்கழுத்தில் என்னவோ செய்தது. யாரோ பார்ப்பது மாதிரி. திரும்பினால் திரைதான்.

பரீட்சகர் வர இன்னும் நேரம் இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. சீலிங்குக்கு மேலே முன்பக்கமாக ஒரு பழைய மூட்டு இருந்தது. எல்லா வயரும் சந்திக்கும் இடம். அதைப் பிரிப்பதுதான் கஷ்டமான வேலை. அவர் வந்து நின்று பார்க்கும்போது என் கை நடுங்கினால் அங்கேதான் நடுங்கும். அதனால் அவர் வருவதற்கு முன்பே ஏறி அதைப் பிரித்து வைத்துவிட்டால், பிறகு எல்லாம் லேசாகப் போய்விடும்.

சுவிட்சை ஓஃப் பண்ணி அதற்குப் பூட்டுப் போட்டு, திறப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். பூட்டும் வாங்கி வைத்திருந்தேன். ஆனால் அதைப் பரீட்சகர் வந்த பிறகு, அவர் பார்க்கும்போது போடலாம் என்று பையிலேயே விட்டுவிட்டேன். கரண்ட் போனால் மிஸ்ஸுக்கு அடுப்படி வேலை கெடுமே என்றும் நினைத்தேன். அதனால் எங்கள் பழைய வழக்கப்படியே செய்தேன். "நான் மேலே போய்க் கூப்பிட்ட பிறகு கைப்பிடியைக் கீழே இழுங்கள், இழுத்ததும் சத்தமாகச் சொல்லுங்கள்" என்று மிஸ்ஸிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் சரி என்று மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவன் "ஓஃப்பா?" என்று கேட்டால், கீழே இருப்பவர் "ஆமா" என்றோ "சரி" என்றோ சொல்லக் கூடாது. என்ன கேட்டது என்று தெரியாமலே ஆள் ஆமாம் போட்டுவிடலாம். அதனால் சுவிட்சில் கை வைத்தவர் "ஓஃப்" என்ற அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மேலே இருப்பவன் வயரில் கை வைப்பான். இந்த ஒரு சொல்லை நம்பித்தான் நானும் என் மாஸ்டரும் இத்தனை காலம் உயிரோடு இருந்தோம்.

அடுப்படிப் பக்கத்து ஓட்டை வழியாக ஏறி, சீலிங் சட்ட மரத்தின் மேல் முழங்கால் போட்டு முன்பக்கம் நகர்ந்து போனேன். உள்ளே வௌவால் எச்ச நாற்றம். ஓட்டு மேல் மழை பிடித்துக்கொண்டது. என் டோர்ச் வெளிச்சம் விழுந்த இடம் மட்டும்தான் உலகம், மற்றதெல்லாம் கறுப்பு. மூட்டைக் கண்டேன். வயரின் ரப்பர் தோல் தொட்டாலே உதிர்ந்தது, செம்பு பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது. பக்கத்தில் தண்ணீர்த் தாங்கிக்குப் போகும் இரும்புக் குழாய் ஒன்று, ஈரம் வடிந்துகொண்டு. விழுந்துவிடாமல் இருக்க நான் இடது கையால் அதைத்தான் பிடித்திருந்தேன். வெறும் கால். எல்லாம் ஈரம். அந்த நிலையில் வலது கை வயரில் பட்டிருந்தால் நான் அங்கிருந்து இறங்கியிருக்க மாட்டேன்.

"மிஸ், ஓஃப் கரன்ன!" என்று கத்தினேன். ஓஃப் செய்யுங்கள் என்று அர்த்தம்.

கொஞ்ச நேரம் விட்டு, "ஓஃப்த?" என்று கேட்டேன். ஓஃப்பா என்று.

மழைச் சத்தத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. "ஓஃப்."

குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. மிஸ்ஸுக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டியிருக்கிறது போல என்று நினைத்தேன். டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வலது கையை நீட்டினேன்.

"ஓஃப்!"

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே இரண்டாம் தரம் வந்தது. அவசரப்படுத்துகிறாரோ என்று நினைத்தேன். கை இன்னும் கொஞ்சம் போனது. என் பாரம் மாறியதில் மரம் கிரீச்சிட்டது.

"ஓஃப்! ஓஃப்! ஓஃப்!"

கை அப்படியே நின்றது. அது மிஸ்ஸின் குரல் இல்லை. ஆண்குரல். அதுவும் மெயின் சுவிட்ச் இருக்கும் நடையிலிருந்து வரவில்லை. எனக்கு நேர் கீழே, என் முழங்காலுக்கு அடியில், ஆளே இல்லை என்று நான் நினைத்த அந்த அறைக்குள் இருந்து வந்தது. சொல் என்னவோ நான் கேட்க வேண்டிய சொல்தான். ஆனால் குரல்? கிணற்றில் விழுந்தவன் கத்துவது மாதிரி இருந்தது. சுவிட்சை இழுத்துவிட்டு "ஓஃப்" என்று சொல்கிறவன் எவனும் அப்படிக் கத்த மாட்டான்.

வாயிலிருந்த டோர்ச் விழுந்து, மரத்துக்கு அந்தப் பக்கம் உருண்டு அணைந்துபோனது.

இருட்டில் கேட்டேன். "கவுத?" யார் என்று.

"ஒவ்."

அப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்டது. அது ஓஃப் இல்லை. ஒவ். சிங்களத்தில் ஆமாம் என்று அர்த்தம். யார் என்று கேட்டால் ஆமாம் என்று ஒரு குரல் சொல்கிறது.

வாய் தானாகத் தமிழில் குழறியது. "சாமி, யாரு?"

"ஒவ்."

"மிஸ் எங்க?"

"ஒவ்! ஒவ்!"

எது கேட்டாலும் ஆமாம். மழையும் இருட்டும் அந்த ஒரு சொல்லும். த்ரீவீல்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆளில்லாத வீட்டில் கேள்வி கேட்கிறார் என்றாரே, அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது இதுதானோ என்று தோன்றியது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையைத் தடவினேன். கரண்ட் பார்க்கும் டெஸ்டர் தட்டுப்பட்டது. வெளிச்சம் வேண்டும், கையில் பிடிக்க ஏதாவது வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் புத்தி. அதை எடுத்து, மூட்டு இருந்த திசையில் நீட்டினேன். நுனி செம்பில் பட்டது.

டெஸ்டருக்குள் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது.

கரண்ட் இருந்தது. இவ்வளவு நேரமும் இருந்தது.

"ஐயோ, ஓன்!" என்று கத்திவிட்டேன். "லைன் ஓன்!"

கீழே சத்தம் நின்றது. பிறகு, நெடுநேரம் பாரம் தூக்கினவன் இறக்கி வைப்பது மாதிரி, மெதுவாக ஒரு தரம் மட்டும் வந்தது.

"ஒவ்."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. நடைக்கு வந்தேன். பல்ப் எரிகிறது. மெயின் சுவிட்சின் கைப்பிடி மேலேயே இருக்கிறது. மிஸ்ஸைக் காணோம். எதிரே திரை. திரைக்குப் பின்னால் யாரோ பெரிதாக மூச்சு வாங்குகிறார். திரையை விலக்க எனக்குத் துணிவு வரவில்லை. கை மெயின் சுவிட்சுக்கும் போகவில்லை. சுவரோடு சுவராக நின்றேன்.

அப்போது முன்கதவு திறந்தது. குடையும் தண்ணீருமாக மிஸ் வந்தார், பின்னால் பரீட்சகர். நான் மேலே நகர்ந்துகொண்டிருந்தபோதே அவர் கேற்றடியில் ஹோர்ன் அடித்திருக்கிறார். அவிழ்த்து விட்டிருந்த நாய் அவர் மேல் பாயும் என்று மிஸ் அதைக் கட்ட ஓடியிருக்கிறார். நான் கூப்பிட்டது மிஸ்ஸுக்குக் கேட்கவே இல்லை. ஓடு முழுக்க மழை.

பரீட்சகர் திகனப் பக்கத்து முஸ்லிம் ஆள், என்னைவிட வயதில் இளையவர். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன அண்ணே, மொகமெல்லாம் வெளுத்துப் போய் ஈக்கு?"

திரையைக் கையால் காட்டினேன். மிஸ் திரையை ஒதுக்கினார்.

கட்டிலில் ஒரு முதியவர் படுத்திருந்தார். எலும்பும் தோலும். போர்வை பாதி தரையில் கிடந்தது, தண்ணீர்க் கோப்பை உருண்டு கிடந்தது. ஒரு கை செத்த மாதிரி உடம்போடு ஒட்டியிருந்தது. மற்றக் கை மட்டும் அந்தரத்தில், நேராக, நடுங்கிக்கொண்டு நீட்டியபடி இருந்தது. அந்த விரல் காட்டிய இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். மெயின் சுவிட்ச்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்தத் திரைக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. உள்ளே இருட்டில் இருப்பவருக்கு, பல்ப் வெளிச்சத்தில் நடை முழுக்கத் தெரியும். நான் வந்ததிலிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மிஸ் சுவிட்சில் கை வைக்காமல் போனதையும் பார்த்திருக்கிறார். நான் மேலே இருந்து கேட்டதையும் கேட்டிருக்கிறார்.

பரீட்சகர் போய்க் கைப்பிடியைக் கீழே இழுத்தார். டக்கென்று பல்ப் அணைந்தது. முதியவரின் கை மெதுவாகக் கட்டிலில் விழுந்தது.

மிஸ் கட்டிலடியில் உட்கார்ந்து அழுதார். அது அவருடைய தகப்பன். பக்கவாதம் வந்து எல்லாப் பேச்சும் போய், அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியதாம். பசிக்கிறதா என்றால் ஒவ். பசிக்கவில்லையா என்றாலும் ஒவ். வேண்டாம் என்று சொல்லப் போனாலும் வாயில் வருவது ஒவ் மட்டும்தான். "அதனால் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. நான் மட்டும் பேசிக்கொண்டிருப்பேன், பதிலுக்கு நிற்பதில்லை" என்றார். அவரைப் பார்க்கிறவர்கள் பரிதாபப்படுவது பிடிக்காமல்தான் திரையை மூடி வைத்திருந்தாராம்.

பிறகு அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை. "அப்பாவின் சத்தம் இந்த வாசலைத் தாண்டாது. நான் காதை வாயருகில் வைத்துத்தான் கேட்பேன். உங்களுக்கு மேலே எப்படிக் கேட்டது?" என்றார். அவ்வளவு மழையில். கூரைக்குள். கேட்டது, அவ்வளவுதான்.

விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு மிஸ் பிளேன்டீ தந்தார். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் பரீட்சகர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாருகிட்ட கேட்டீங்க அண்ணே, ஓஃப்பாண்டு?"

"மிஸ்கிட்ட."

"பதில் செல்லினது யாரு?"

நான் உள்ளே அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"டெஸ்டர எதுக்கு எடுத்தீங்க? பாக்கவா?"

பொய் சொல்லியிருக்கலாம். பார்க்கத்தான் எடுத்தேன் என்றால் அவர் நம்பியிருப்பார். ஆனால் அந்த முதியவர் உள்ளே படுத்திருக்கும்போது எனக்குப் பொய் வரவில்லை. "பயத்துல சேர்" என்றேன். "பேய்னு நெனச்சிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு மழையைப் பார்த்தார். "இண்டைக்கு பாஸ் போட ஏலா அண்ணே. போட்டா நாளைக்கு ஒங்கட பொஞ்சாதிக்கு நான் என்ன பதில் செல்ல? திரும்ப வாறேன். இதே ஊட்டுக்கே வாறேன்."

அன்று பாஸ் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் என் வலது கையைப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு பல நாள் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. கண்ணை மூடினால் இருட்டும் அந்தச் சொல்லும் வரும். ஆனால் யோசிக்க யோசிக்கப் பயம் வேறு மாதிரி ஆனது. அந்த மனிதரிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அதுவும் அந்த நேரத்துக்கு நேர்மாறான சொல். வேண்டாம், தொடாதே, செத்துவிடுவாய் என்று சொல்ல அவர் வாயைத் திறக்கிறார், ஆமாம் என்று வருகிறது. தான் சொல்லும் ஆமாமே என்னைக் கொல்லப் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. வேறு வழி இல்லாமல், அதே சொல்லை எடுத்து, உயிரைக் கொடுத்துக் கத்தி, அதை வேண்டாம் என்று ஆக்கிக் காட்டினார்.

பரீட்சகர் சொன்னபடியே மறுபடி வந்தார். இந்த முறை நான் அவர் கண் முன்னாலேயே எல்லாம் செய்தேன். கைப்பிடியை நானே இழுத்தேன். நானே பூட்டைப் போட்டேன், திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினேன். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பக்கத்து வீட்டிலிருந்து இழுத்திருந்த, கரண்ட் உள்ள வயரில் பார்த்துவிட்டு, பிறகு மூட்டில் பார்த்து, மறுபடியும் பக்கத்து வீட்டு வயரில் பார்த்தேன். கை நடுங்கத்தான் செய்தது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கேள்விகளும் கேட்டார். திரை அன்று திறந்திருந்தது, முதியவர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த சொற்களில், தமிழும் சிங்களமும் கலந்து, விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

இதற்கெல்லாம் முன்பு, பூட்டைப் போட்டுவிட்டு ஏணியில் கால் வைக்கப் போகும்போது அறைப்பக்கம் திரும்பினேன். "ஓஃப்த?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் எனக்கு எட்டவில்லை. மிஸ் சொன்னது சரிதான், வாசலைத் தாண்டவில்லை.

"பூட்டுப் போட்டுட்டீங்களே, இன்னம் என்னத்துக்குக் கேக்கிறீங்க?" என்றார் பரீட்சகர்.

"அவருகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கிறதில்ல சேர்" என்றேன்.

சான்றிதழ் வந்தது. பிறகு லைசன்ஸும் வந்தது. இப்போது போனில் கேட்டால் இருக்கிறது என்று நானே முந்திச் சொல்கிறேன். எந்த வீட்டிலும் பூட்டுப் போடாமல், டெஸ்டர் வைக்காமல் ஏறுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு சீலிங்கிலும், வயருக்குக் கையை நீட்டும்போது, ஒரு கணம் நின்று கீழே கவனிப்பேன். எதுவும் காதில் விழுவதில்லை. விழாதவரைக்கும் எனக்கு நிம்மதி. எல்லாம் சரி, ஆமாம் என்று யாராவது என்னிடம் சொன்னால், நான் இப்போது அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு அடியில் ஒருவர் வேண்டாம், வேண்டாம் என்று கத்திக்கொண்டிருக்கிறாரா என்று காது கொடுத்துக் கேட்கிறேன்.

எழுதி முடித்தது: நவம்பர் மாதம் ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.